பெட்டிச் சீட்டு மட்டும் ஏன் வெறுமையாகப் போகிறது? ரிலீஸ் பில்டின் லாக்கைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் இறங்குதளங்களில் மீன் எடுக்கும் வியாபாரிகளுக்கான ஆண்ட்ராய்டு கணக்குச் செயலி இது. ஏலம் முடிந்ததும் கணக்கப்பிள்ளை போனை எடுத்துப் படகு, மீன், அளவு, விலை என்று பதிவார். 58 மில்லிமீட்டர் ப்ளூடூத் பிரிண்டரில் சீட்டு வரும். பதிவு முதலில் போனுக்குள் ரூம் தரவுத்தளத்தில் உட்காரும், பிறகு சிக்னல் கிடைக்கும்போது, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஒர்க்மேனேஜர் அதை சர்வருக்கு அனுப்பும். இந்தக் கரையில் இப்படிப்பட்ட செயலிகளில் அடிக்கடி தலைகாட்டும் கோளாறுகளை ஒரே நிகழ்வாகக் கோத்து எழுதியிருக்கிறோம். அதனால் செயலிக்கும் வியாபாரிக்கும் பெயர் இல்லை.

சீட்டு இரண்டு வகை. நண்டு, கணவாய், இறால், வெளமீன் எல்லாம் கிலோச் சீட்டு. சூடை, காரல் போல மொத்தமாக வந்து இறங்குவதெல்லாம் பெட்டிச் சீட்டு. பெட்டிச் சீட்டு புதிதாகச் சேர்த்த வசதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறதல்லவா, அந்த இடைவெளியில் எழுதி, சோதித்து, பிளே ஸ்டோரில் ஏற்றியாகிவிட்டது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும் என்பதால் கிலோச் சீட்டுகள் நின்றதே இல்லை, அவை ஒழுங்காகவும் போய்க்கொண்டிருந்தன. விசைப்படகுகள் இறங்கிய பிறகுதான் பெட்டிச் சீட்டுகள் உண்மையில் வரத் தொடங்கின. கோளாறும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

போனில் பார்த்தால் பதிவு சரி. அச்சான சீட்டும் சரி. ‘அனுப்பப்பட்டது’ என்ற பச்சை அடையாளமும் இருக்கிறது. சர்வரில் மட்டும் பெட்டிச் சீட்டு வரிசைகளில் படகு இல்லை, மீன் இல்லை, எண்ணிக்கை இல்லை, விலை இல்லை. அனுப்பியவர் யார், எப்போது வந்தது என்ற இரண்டு மட்டும் இருந்தன. இந்த இரண்டும் போனிலிருந்து வருபவை அல்ல. முதலாவதை சர்வர், உள்நுழைவு அடையாளமான டோக்கனிலிருந்து எடுத்துக்கொள்கிறது, இரண்டாவதைத் தன் கடிகாரத்திலிருந்து. அன்றைக்கே இதைக் கவனித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் கோளாறு என்றதும் எல்லோருக்கும் முதலில் சிக்னல் மேல்தான் சந்தேகம் போகும், அதுவும் இந்தக் கரையில். தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை டவர் பிடித்துக்கொள்வது ஊரறிந்த விஷயம். ரோமிங் டேட்டா அணைந்திருந்தால் கம்பிகள் முழுதாகத் தெரியும், ஒரு பைட்கூடப் போகாது. ஆகவே ‘பாதி போய்ப் பாதி நின்றிருக்கும்’ என்றே பேச்சு ஓடியது. எச்டிடிபி கோரிக்கை அப்படிப் பாதியாகப் போய் 200 (‘சரி’) என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராது. வந்தால் முழுதாக வரும், இல்லையேல் பிழையாகும்.

அலுவலக மேசையில், உருவாக்குபவர் சோதித்துப் பார்க்கும் டிபக் பில்டில் அதே சீட்டைப் போட்டால் எல்லாம் நிறைந்தே போகிறது. ஆக, பயனரிடம் போகும் ரிலீஸ் பில்டில்தான் பார்க்க வேண்டும். பார்ப்பது எப்படி என்பதுதான் இனி வருவது.

‘ரிலீஸில் லாக் வராது’

ரிலீஸ் பில்டில் லாக் (செயலி ஓடும்போது எழுதும் குறிப்பு வரிகள்) வராது என்பது பலரது நம்பிக்கை. வராமல் என்ன, வரும். ஆண்ட்ராய்டில் லாக்கேட் என்பது போன் முழுமைக்கும் பொதுவான பதிவேடு. எழுதுகிற செயலி டிபக்கா ரிலீஸா என்று அது கேட்பதில்லை. டிபக்கபிள் அல்லாத செயலியில் தடைப்படுவது டிபக்கரை இணைப்பதும், ‘ரன்-அஸ்’ கட்டளையால் செயலியின் உள் கோப்புறைக்குள் நுழைவதும்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லாக்கேட் சாளரத்தில் ‘என் பேக்கேஜ்’ என்ற வடிகட்டியை வைத்துக்கொண்டு, ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டுவதால்தான் இந்த நம்பிக்கை உயிரோடு இருக்கிறது. வடிகட்டியை எடுத்துவிட்டு முழுப் பதிவையும் பார்க்க வேண்டும். அல்லது கட்டளை வரியில், கணினியிலிருந்து போனோடு பேசும் ஏடிபி கருவியைக் கொண்டு, ‘ஏடிபி ஷெல் பிட்ஆஃப் -எஸ்’ என்பதோடு பேக்கேஜ் பெயரைத் தந்து செயல்முறை எண்ணை எடுத்து, அதை ‘ஏடிபி லாக்கேட் --பிஐடி=’ என்பதற்குத் தர வேண்டும். செயலி செத்து மீண்டும் எழுந்தால் எண் மாறிவிடும். பின்னணியில் சீட்டு அனுப்பும் செயலியில் இது அடிக்கடி நடக்கும், ஆகவே முதல் தடவை முழுப் பதிவையும் கோப்பில் கொட்டிவிட்டுப் பிறகு அலசுவதே நல்லது.

போனை இணைப்பதே இங்கே தனிப்பாடு. உப்புக் காற்றிலும் ஈரக் கையிலும் இருக்கும் போன்களின் யூஎஸ்பி துளை பச்சை பிடித்து, சார்ஜ் ஏறினாலும் டேட்டா போகாத நிலைக்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டிபக்கிங் இருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அதை இயக்கி, ‘பெயரிங் கோடு’ என்பதைத் தொட்டால் 6 இலக்க எண்ணும், ஒரு ஐபி முகவரியும், ஒரு போர்ட் எண்ணும் வரும். ‘ஏடிபி பெயர்’ கட்டளைக்கு அந்த போர்ட். ஆனால் அதன்பின் ‘ஏடிபி கனெக்ட்’ என்று தரும்போது தர வேண்டியது முந்தைய திரையில் இருக்கும் வேறொரு போர்ட். இரண்டும் ஒன்று என்று நினைத்து மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: சோதிக்கும் போனே ஹாட்ஸ்பாட் கொடுத்தால் பெரும்பாலும் இந்த வசதி இயங்காது, அந்தப் போன் வைஃபையில் சேர்ந்திருக்க வேண்டும். இறங்குதளத்தில் வைஃபை ஏது? வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியையும் சோதனைப் போனையும் சேர்த்துவிட்டால் வேலை நடக்கும்.

இப்படி எடுத்த பதிவில் செயலியின் சொந்த லாக் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒர்க்மேனேஜரின் வரிகள் இருந்தன. ‘டபிள்யூஎம்-ஒர்க்கர்ராப்பர்’ என்ற டேகின் கீழ், சீட்டு அனுப்பும் ஒர்க்கரின் பெயரோடு ‘ஒர்க்கர் ரிசல்ட் சக்சஸ்’. ஒர்க்மேனேஜர் இதை இன்ஃபோ நிலையில் எழுதுகிறது, அதனால் ரிலீஸிலும் தப்பி வந்துவிட்டது. சிக்னல் வாதம் அந்த ஒரு வரியோடு முடிந்தது. கோரிக்கை போயிருக்கிறது, சர்வர் சரி என்றிருக்கிறது. கேள்வி இனி என்ன போயிற்று என்பதே.

மறு பில்ட் செய்யும் முன் இலவசமாகக் கிடைக்கும் சாட்சிகளை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. ‘டம்ப்சிஸ் பேக்கேஜ்’ என்ற ஏடிபி ஷெல் கட்டளை, போனில் உண்மையில் எந்த வெர்ஷன் கோடு இருக்கிறது என்று சொல்லும். கணக்கப்பிள்ளை ‘அப்டேட் பண்ணிட்டேன் சார்’ என்பதற்கும் இதற்கும் சில சமயம் தூரம் அதிகம். ‘டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி எக்ஸிட்-இன்ஃபோ’ ஆண்ட்ராய்டு 11 முதல், செயலி கடைசியாக ஏன் நின்றது என்பதைக் காரணத்தோடு தரும்: கிராஷ், பதிலில்லாமை, நினைவகப் பற்றாக்குறை, பயனரே நிறுத்தியது. ‘தானாக மூடிக்கொள்கிறது’ என்ற புகாருக்கு எந்த லாக்கையும்விட இது உதவும். நம் நிகழ்வில் கிராஷே இல்லை. கிராஷ் அறிக்கைச் சேவையில் ஒன்றும் விழாததற்கும் அதுதான் காரணம். விதிவிலக்கு (எக்செப்ஷன்) எதுவும் எறியப்படாத தவறு அது.

லாக் எங்கே தொலைகிறது

கண்மாய்த் தண்ணீர் கடைசி வயலுக்கு வரவில்லை என்றால் மடை மடையாகத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். லாக் வரியும் அப்படியே பல மடைகளைத் தாண்டி வருகிறது, எந்த மடையில் அடைபட்டது என்று தெரியாமல் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

முதல் மடை பில்டிலேயே. ரிலீஸில் குறியீட்டைச் சுருக்கிப் பெயர்மாற்றும் ஆர்8 கருவிக்கு ‘-அஸ்யூம்நோசைட்எஃபெக்ட்ஸ்’ என்ற விதியைத் தந்து, லாக் கிளாஸின் ‘டி’, ‘வி’ அழைப்புகளை நீக்கச் சொல்வது பரவலான வழக்கம். நீக்கப்பட்ட அழைப்பு, போனில் நிறுவும் கோப்பான ஏபிகேயிலேயே இல்லை. போனில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது. இருக்கிறதா இல்லையா என்று அறிய எளிய சோதனை உண்டு. லாக் செய்தியில் தனித்து அடையாளம் தெரிகிற ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு, ஏபிகேயைப் பிரித்து, குறியீடு இருக்கும் டெக்ஸ் கோப்புகளுக்குள் அந்தச் சொற்றொடரைத் தேடுங்கள். இல்லையென்றால் அழைப்பும் போய்விட்டது என்றே கொள்ளலாம். இருந்தால் அழைப்பு இருக்கலாம், அல்லது அழைப்பு போய்ச் சொற்றொடரைக் கட்டும் வேலை மட்டும் எஞ்சியிருக்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஏபிகே அனலைசரில், எந்தப் பெயர் எதுவாக மாறியது என்று சொல்லும் மேப்பிங் கோப்பை ஏற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெளிவாகும்.

இந்த விதியில் இரண்டு பிசகுகள் வழக்கமானவை. பழைய ‘புரோகார்ட்-ஆண்ட்ராய்டு’ இயல்புக் கோப்பை அடிப்படையாக வைத்தால் அதில் ‘ஆப்டிமைஸ் செய்யாதே’ என்று இருப்பதால் விதி வேலையே செய்யாது. ‘ஆப்டிமைஸ்’ என்று பெயரில் முடியும் கோப்பு வேண்டும். இரண்டாவது, லாக் கிளாஸின் எல்லா உறுப்புகளையும் நட்சத்திரக் குறியால் மொத்தமாக வளைத்துவிடுவது. அந்தக் குறி ஆப்ஜெக்ட் கிளாஸிலிருந்து வரும் ‘வெயிட்’, ‘நோட்டிஃபை’ போன்றவற்றையும் சேர்த்துப் பிடிக்கும், பிறகு லாக்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் செயலி விபரீதமாக நடக்கும். நீக்க வேண்டிய அழைப்புகளைப் பெயர் சொல்லி எழுதுவதே முறை.

அடுத்த மடை லாக் நூலகம். டிம்பர் என்ற நூலகத்தை வைத்திருப்பவர்கள், வரிகளை எழுதும் ‘டிபக்ட்ரீ’ என்ற மரத்தை டிபக் பில்டில் மட்டும் நடுவார்கள். ரிலீஸில் மரமே நடப்படவில்லை என்றால் எத்தனை டிம்பர் அழைப்பு இருந்தாலும் ஒன்றும் எழுதப்படாது. நம் செயலியில் அடைபட்டது இங்கேதான். போதாதற்கு, போன தரவை அப்படியே காட்டும், நெட்வொர்க் நூலகமான ஓகே-எச்டிடிபியின் லாக்கிங் இன்டர்செப்டரும் டிபக் நிபந்தனைக்குள் இருந்தது. நல்ல செய்தி என்னவென்றால், டிம்பரின் டிபக்ட்ரீ உள்ளுக்குள் ‘லாக் பிரிண்ட்எல்என்’ வழியாக எழுதுகிறது. ஆகவே ‘டி’, ‘வி’ அழைப்புகளை நீக்கும் விதி அதைத் தொடுவதில்லை, மரத்தை நட்டாலே வரிகள் வரும். டிம்பரின் அழைப்புகளையே நீக்கும் விதி வேறாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் வராது. டிபக்ட்ரீ தானாக வைக்கும் டேக் கிளாஸின் பெயரிலிருந்து வருவது என்பதால், ஆர்8 பெயர்மாற்றிய பில்டில் டேக் ‘ஏ’, ‘பி3’ என்று அர்த்தமில்லாமல் நிற்கும். டேகை நீங்களே வெளிப்படையாகத் தந்துவிடுங்கள்.

மூன்றாவது, நிலை. ‘லாக் இஸ்லாகபிள்’ என்று கேட்டு எழுதும் குறியீட்டில் இயல்பு நிலை இன்ஃபோ, அதற்குக் கீழே உள்ளவை அடைபடும். இந்த மடையை வெளியிலிருந்தே திறக்கலாம்: ‘ஏடிபி ஷெல் செட்பிராப் லாக்.டேக்.’ என்பதோடு டேக் பெயரைச் சேர்த்து ‘டிபக்’ என்று தந்தால் போதும், ரூட் தேவையில்லை, ரிலீஸ் பில்டிலும் செல்லும். போனை அணைத்து எழுப்பினால் போய்விடும். டேக் 23 எழுத்தைத் தாண்டினால் ஆண்ட்ராய்டு 7 வரையிலான போன்களில் இந்தச் சோதனையே விதிவிலக்கை எறிந்து செயலியைக் கவிழ்க்கும். கமிஷன் கடைகளில் பழைய போன்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது, பஃபர். லாக்கேட் வட்டமாகச் சுழலும் நினைவகம். இயல்பு அளவு பெரும்பாலும் ஒவ்வொரு பஃபருக்கும் 256 கேபி, பேச்சு அதிகமுள்ள போனில் சில நிமிடத்துக்குக் காணும். ஏலம் விடியுமுன், போன் கைக்கு வருவது மதியம். அதற்குள் காலையின் வரிகள் எப்போதோ அழிந்திருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘லாகர் பஃபர் சைஸ்’ என்பதை 16 எம்பி ஆக்கலாம், அல்லது ‘ஏடிபி லாக்கேட் -ஜி 16எம்’ (ஜி பெரிய எழுத்து). அப்படியும் அரை நாள் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

கடைசி ஒன்று தமிழில் லாக் எழுதுவோருக்கே உரியது. லாக்கேட்டில் ஒரு பதிவின் உச்ச அளவு 4068 பைட், டேகும் அதற்குள் அடக்கம். டிம்பர் நீண்ட செய்தியை 4000 குறிகளாக வெட்டி எழுதுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே கணக்குச் சரி. தமிழில் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கி’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, உள்ளே இரண்டு குறி, 6 பைட். எனவே சுமார் 1,350 குறியிலேயே பதிவு நிரம்பி, மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்படும். படகுப் பெயர், மீன் பெயர் எல்லாம் தமிழில் இருக்கும் சீட்டுப் பட்டியலை லாக்கில் கொட்டி, ‘பாதிதான் போகிறது’ என்று தவறான முடிவுக்கு வர இது ஒன்றே போதும். துண்டு அளவை 1,000 குறி என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

சோதனை பில்ட்: ரிலீஸேதான், ஒன்றைத் தவிர

மடை தெரிந்துவிட்டது. மரத்தை நட்டு மறு பில்ட் செய்ய வேண்டும். இங்கே கை தானாகப் போவது டிபக்கபிள் என்பதை ‘ட்ரூ’ ஆக்குவதற்கோ, சுருக்கலை அணைப்பதற்கோ. இரண்டும் கூடாது. ரிலீஸில் மட்டும் வரும் கோளாறு ரிலீஸுக்கே உரிய ஏதோ ஒன்றால்தான் வருகிறது. அந்த ஒன்றை அணைத்துவிட்டால் கோளாறும் மறையும், லாக்கும் எல்லாம் நலம் என்று சாட்சி சொல்லும். பில்ட் கருவியான கிரேடிலில் புதிய பில்ட் டைப் ஒன்றை எழுதி ‘இனிட்வித்’ மூலம் ரிலீஸின் எல்லா அமைப்பையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். கூடுதலாக ஒரே ஒரு மாறிலி: நோட்ட லாக் (கோளாறு தேடுவதற்கான லாக்) உண்டு என்பதற்கான பூலியன். ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8 முதல் இப்படிப்பட்ட மாறிலிகள் இருக்கும் பில்ட்கான்ஃபிக் இயல்பாக உருவாவதில்லை, அதை வெளிப்படையாக இயக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

கையொப்பம் அடுத்த முடிச்சு. போனில் இருப்பது பிளே ஸ்டோர் தன்னிடமுள்ள சாவியால் கையொப்பமிட்டது. மடிக்கணினியில் உள்ள அப்லோடு சாவியால் கையொப்பமிட்ட ஏபிகேயை அதன் மேல் ஏற்ற முடியாது, கையொப்பம் பொருந்தவில்லை என்று மறுக்கும். பழையதை நீக்கிவிட்டு ஏற்றலாமே என்றால், நீக்கும்போது ரூம் தரவுத்தளமும் போகும். சர்வரில் வெறுமையாக இருக்கும் அத்தனை சீட்டுகளின் உண்மைப் பிரதி அந்தப் போனில் மட்டும்தான் இருக்கிறது. இந்த நிகழ்வில் செய்யவே கூடாத ஒன்று அது. பேக்கேஜ் பெயருக்குப் பின்னொட்டுப் போட்டுத் தனிச் செயலியாக ஏற்றலாம், ஆனால் அதில் பழைய பதிவுகள் இருக்காது. சரியான வழி பிளே கன்சோலின் இன்டர்னல் டெஸ்டிங். வெர்ஷன் கோடை உயர்த்தி ஏற்றினால் அதே சாவியில் கையொப்பமாகி, போனில் உள்ளதன் மேல் அப்டேட்டாக இறங்கும், தரவு அப்படியே இருக்கும். 100 சோதனையாளர்கள் வரை சேர்க்கலாம். கணக்கப்பிள்ளையின் கூகுள் கணக்கைப் பட்டியலில் சேர்த்து இணைப்பை அனுப்பி, அவர் ஒப்புக்கொண்டால் போதும். இன்டர்னல் ஆப் ஷேரிங் என்று அருகிலேயே இன்னொரு வசதி இருக்கும். அது வேறு சாவியில் கையொப்பமிடுகிறது, இங்கே உதவாது.

பஃபர் காலையைத் தாங்காது என்பதால் லாக்கைக் கோப்பிலும் எழுத வேண்டியிருந்தது. செயலியின் வெளிக் கோப்புறையில், அதாவது ‘ஆண்ட்ராய்டு/டேட்டா’வின் கீழ் பேக்கேஜ் பெயரில் உள்ள ‘ஃபைல்ஸ்’ கோப்புறையில், 512 கேபி வீதம் இரண்டு கோப்புகள். ஒன்று நிரம்பினால் மற்றதை அழித்து அதில் தொடரும். எழுத்து வேலை தனி திரெட்டில், வரிசையில் போட்டு. ஏலத்தின் நெருக்கடியில் திரை தடுமாறினால் மறுநாள் அந்தச் செயலியை யாரும் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் வெர்ஷன் கோடு, போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு. நேரம் மில்லிசெகண்ட் வரை. இந்தக் கோப்பை ரிலீஸ் பில்டிலும் ‘ஏடிபி புல்’ கொண்டு எடுக்கலாம், ஆனால் ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலுள்ள சாதாரணக் கோப்பு மேலாளர்கள் வழியாக அந்த இடத்தைப் பார்ப்பது கடினம். அதனால் ‘பதிவை அனுப்பு’ என்ற பொத்தானை ‘பற்றி’ பக்கத்தில் வைத்து, ஃபைல்புரொவைடர் வழியாக ஜிப் கோப்பை வாட்ஸ்அப்பில் பகிரும்படி செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. பாம்பன் பாலத்தைத் தாண்டி யாரும் யூஎஸ்பி கம்பியோடு ஓடி வர வேண்டாம்.

போகும் தரவைக் காட்டும் இன்டர்செப்டரை ‘பாடி’ நிலையில் வைக்கும்போது ‘ஆதரைசேஷன்’ ஹெட்டரை மறைக்கச் சொல்ல வேண்டும், இல்லையேல் வாட்ஸ்அப் குழுவில் டோக்கன் உலா வரும். படகுக்காரரின் தொலைபேசி எண்ணையும் கடைசி இரண்டு இலக்கம் தவிர மறைத்துவிடலாம். விலை? வியாபாரியின் விலையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பது இங்கே டோக்கன் கசிவதைவிடப் பெரிய சண்டை. ஆனால் இந்தக் கோளாறில் விலைப் புலமே காணாமல் போவதால், அதன் மதிப்பை மறைத்துப் பெயரை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

கோப்பில் இருந்தது

கிலோச் சீட்டின் ஜேசனில் (சர்வருக்குப் போகும் பெயர்-மதிப்பு வடிவம்) படகு, மீன், எடை, விலை என்று பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெட்டிச் சீட்டின் ஜேசனில் மதிப்புகள் அத்தனையும் இருந்தன, பெயர்கள் மட்டும் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’. சர்வர் தனக்குத் தெரியாத பெயர்களைப் புறக்கணித்துவிட்டு, தெரிந்த பெயர் எதுவும் வராததால் எல்லாவற்றையும் வெறுமையாக எழுதி, 200 என்று பதில் தந்திருக்கிறது.

காரணம் ஆர்8. பொருளை ஜேசனாக்கும் ஜீசன் நூலகம் ஜேசனின் பெயர்களை, வேறு குறிப்பு இல்லையென்றால், ஓடும்போது ஃபீல்டின் பெயரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரிலீஸில் ஆர்8 அந்த ஃபீல்டுகளைப் பெயர்மாற்றிவிடும். இதைத் தவிர்க்க ‘மாடல்’ பேக்கேஜில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே வைத்திரு என்ற விதி முன்பே இருந்தது, கிலோச் சீட்டு அங்கே இருந்ததால் பிழைத்தது. பெட்டிச் சீட்டின் கிளாஸ், புதிய வசதிக்கென்று தொடங்கிய தனிப் பேக்கேஜில் பிறந்தது. விதியின் எல்லைக்கு வெளியே. டிபக்கில் ஆர்8 ஓடுவதே இல்லை, எனவே அங்கே எல்லாம் சரி. ரூம் குறியீட்டைப் பில்டின்போதே உருவாக்கி நெடுவரிசைப் பெயர்களைச் சரங்களாக எழுதிவிடுவதால் போனிலும் சரி, சீட்டிலும் சரி.

ஊகத்தை உறுதியாக்க மேப்பிங் கோப்பு போதும். ‘பில்ட்/அவுட்புட்ஸ்/மேப்பிங்/ரிலீஸ்’ என்பதன் கீழ் இருக்கும். பெட்டிச் சீட்டு கிளாஸின் பெயரைத் தேடினால், அதன் கீழ் ஒவ்வொரு ஃபீல்டும் அம்புக்குறியிட்டு என்னவாக மாறியது என்று வரிசையாக எழுதியிருக்கும். இந்தக் கோப்பு பில்டுக்குப் பில்ட் மாறும். இன்றைக்கு ‘ஏ’ என்பது படகு, அடுத்த பில்டில் அதுவே மீனாக இருக்கலாம். வெர்ஷன் கோடோடு சேர்த்துப் பத்திரப்படுத்தாத மேப்பிங் கோப்பால் பயனில்லை, ஸ்டேக்ட்ரேஸை (பிழை வந்த வழியின் பட்டியல்) தவறாகப் பிரித்துக் குழப்பும் தீங்கும் உண்டு.

திருத்தம் சின்னது. பெட்டிச் சீட்டு கிளாஸின் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ‘சீரியலைஸ்டுநேம்’ குறிப்பு. பேக்கேஜ் விதியை அகலப்படுத்தி விடலாமே என்று தோன்றும். அது அடுத்த புதிய பேக்கேஜ் வரைதான் தாங்கும். பெயர் என்பது சர்வரோடு செய்துகொண்ட ஒப்பந்தம், ஃபீல்டின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருப்பதுதான் சரி. பில்டின்போதே குறியீடு உருவாக்கும் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனுக்கு மாறினால் இந்த வகைக் கோளாறே எழாது, ஆனால் சீசன் நடுவில் செய்கிற வேலையல்ல அது.

சர்வரிலும் ஒரு மாற்றம் வேண்டும்: கட்டாயப் புலம் இல்லாத சீட்டுக்கு 422 (‘ஏற்க முடியாத தரவு’) தர வேண்டும், 200 அல்ல. எதை முதலில் செய்வது? சர்வரைத்தான். அப்படிச் செய்தால் பழைய பில்ட் வைத்திருக்கும் போன்களில் சீட்டுகள் ‘அனுப்பப்படவில்லை’ என்று தங்கும், போகாததைப் போனது என்று சொல்லாது. ஒர்க்கர் 422 வாங்கினால் ஓயாமல் மறுமுயற்சி செய்துகொண்டிருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும், பேட்டரி போய்விடும். பிறகு திருத்திய பில்ட். அதில் ரூம் மைக்ரேஷன் (தரவுத்தள மாற்றம்) ஒன்று, பெட்டிச் சீட்டுகளை எல்லாம் ‘அனுப்ப வேண்டியவை’ என்று ஒரு முறை குறிக்கும். சீட்டு எண்ணாகப் போனிலேயே உருவாகும் யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி எண்) இருந்தால், ஒரே சீட்டு இருமுறை வந்தாலும் சர்வர் ஒன்றாகவே கொள்ளும். முன்பு வந்த வெற்று வரிசைகளில் அந்த எண்ணும் வெறுமை என்பதால் அவற்றை அடையாளம் கண்டு நீக்குவது எளிது. நீக்கல், எல்லாப் போன்களும் மறுபடி அனுப்பி முடித்து, அச்சுச் சீட்டுக் கட்டோடு ஒப்பிட்ட பிறகு.

வேறு கருவியில் எழுதியிருந்தால்

ஃப்ளட்டரில் ‘பிரிண்ட்’ ரிலீஸிலும் லாக்கேட்டுக்கு வரும், ‘டார்ட்:டெவலப்பர்’ நூலகத்தின் ‘லாக்’ வராது. ஃப்ளட்டரில் டிபக்கில் ஓடி ரிலீஸில் நெட்வொர்க்கே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்நெட் அனுமதி. திட்ட வார்ப்பு அதை டிபக், புரொஃபைல் மேனிஃபெஸ்டுகளில் மட்டும் எழுதித் தருகிறது, முதன்மை மேனிஃபெஸ்டில் நாம்தான் சேர்க்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவில் ‘கன்சோல்.லாக்’ வரிகள் ‘ரியாக்ட்நேட்டிவ்ஜேஎஸ்’ டேகில் வரும், பேபல் ப்ளகின் எதுவும் அவற்றை நீக்காமலிருந்தால். ஐபோனில் நிலைமை வேறு: டிபக் நிலை லாக் வட்டில் சேமிக்கப்படுவதில்லை, சரங்களாகத் தரும் மதிப்புகள் வெளிப்படையாக ‘பப்ளிக்’ என்று குறிக்காத வரை ‘பிரைவேட்’ என்று மறைக்கப்படும், மேக்கின் கன்சோல் செயலியில் நேரலையாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன்

சர்வருக்குப் போகும் எல்லாக் கிளாஸுக்கும் ஒரு சோதனை எழுதப்பட வேண்டும், அது சுருக்கப்பட்ட பில்டிலேயே ஓட வேண்டும்: மாதிரிப் பொருளை ஜேசனாக்கி, பெயர்ப் பட்டியலை எதிர்பார்த்த பட்டியலோடு ஒப்பிடுவது. சாதாரண யூனிட் டெஸ்ட் ஆர்8 தொடாத குறியீட்டில் ஓடுவதால் இதைப் பிடிக்காது. ‘டெஸ்ட்பில்ட்டைப்’ அமைப்பைச் சோதனை பில்ட் டைப்புக்கு மாற்றி, கருவிச் சோதனையாகப் போனில் ஓட்ட வேண்டும். சோதனைக் குறியீடு தொடும் பெயர்களையும் ஆர்8 மாற்றிவிடும் என்பதால் சோதனைக்கெனத் தனி விதிக் கோப்பு தேவைப்படும். அந்தக் கோப்பில் சீட்டு கிளாஸ்களின் ஃபீல்டுகளை மட்டும் காப்பாற்றிவிடக் கூடாது. காப்பாற்றினால் சோதனை எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

நோட்ட லாக்கை உற்பத்திப் பில்டிலும் உறங்கும் நிலையில் விட்டுவைக்கலாம். ‘பற்றி’ பக்கத்தில் பதிப்பு எண்ணைச் சில முறை தொட்டால் எழும், 48 மணி நேரத்தில் தானே அணையும், அணையும்போது கோப்புகளை அழிக்கும். எழுந்திருக்கும்போது திரையின் மேல் ஒரு பட்டை தெரிய வேண்டும், போனை வைத்திருப்பவருக்குத் தன் கணக்கு பதிவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா. பட்டையின் நிறம் மஞ்சளாக வேண்டாம். ஏலக்கூடத்தின் சோடியம் விளக்கின் கீழ் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகவே தெரியும்.